இரண்டாவது சுற்று

மணலில் பாதி புதைந்து கிடக்கும் அந்த உடைந்த வள்ளம் வரைக்கும் நடக்கத்தான் வேண்டும், அதற்கு அப்பால்தான் ஓட்டம். ஜெசிந்தா நடந்தாள். கால் இரண்டும் தும்பை அறுத்துக்கொள்ளப் பார்க்கிற கன்றுக்குட்டியாக முன்னால் இழுக்க, இவள் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பூசைக்குப் போகிறவள் மாதிரி அடக்கமாக நடந்தாள். பூசைக்குப் போகிறவள் புருசன் அமலனுடைய பழைய பனியனைப் போட்டு, பால் கட்டிய மாரை ஒரு துண்டால் இறுக்கி, பச்சைக் கலர் ஷூ மாட்டிக்கொண்டா போவாள் என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. கோடை வெயில், சூரியன் கடலை விட்டு ஒரு சாண் எழும்புவதற்குள் தோள்பட்டை சுடுகிறது. கரையில் ஏற்றிக் கிடக்கிற வள்ளங்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நீல வள்ளம் வந்துவிட்டது. சிலுவை போட்ட வள்ளம் வந்துவிட்டது. போன மாதம் சாமியார் மந்திரித்துக் கொடுத்த புது வள்ளம்கூட வந்துவிட்டது. அமலன் வள்ளம் நிற்கிற இடத்தில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது. படுக்கட்டும், வள்ளம் வந்தால் தானே எழுந்து போகும். மீன் நிறையப் பட்டிருக்கும், ரெண்டே ஆள், வலை இழுக்க நேரமாகாதா. "மீன் பட்டிருக்கும் பிள்ள, நீ போயிட்டு வா" என்றுதானே மாமியாரும் சொன்னாள், குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டே, கடலைப் பார்க்காமல். கடலைப் பார்க்காமல் ஏன் சொன்னாள்? அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள், அதனால். அடுப்பு அந்தப் பக்கம் இல்லையே. இருக்கிறது, கொஞ்சம் திரும்பினால் இருக்கிறது. நட.

இந்தக் கரையில் யாரும் ஓடுவதில்லை. பிள்ளைகள்கூட ஓடிப் பிடித்து விளையாட ஊருக்குப் பின்னால் முள்மரம் அடர்ந்த உடங்காட்டுப் பக்கம்தான் போகும். தப்பித் தவறி ஒரு பொடியன் கரையில் ஓடிவிட்டால் நாலு வீட்டிலிருந்து நாலு அதட்டல் வரும். கல்யாணமாகி வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு விடிகாலை அவள் ஊர் நீளத்துக்கும் ஓடிவிட்டாள். கரிசல்காட்டில் கண்மாய்க்கரையில் ஓடிப் பழகினவளுக்கு ஈர மணலைக் கண்டதும் கால் சும்மா இருக்கவில்லை. பின்னாலேயே கதவு கதவாகத் திறக்கிற சத்தம். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பெருமையாகத் திரும்பினால், ஒருத்தி வாயில் பல்பொடி நுரையோடு, ஒருத்தி கையில் சோற்றுக் கரண்டியோடு, ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாரை மூடக்கூட மறந்து, எல்லாரும் ஒரே குரலில் "யாரு? யாரு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். யாரு என்றால்? இவளுக்கு விளங்கவில்லை. "நான்தான், ஜெசிந்தா" என்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அன்றைக்கு மாமியார் மிக்கேலம்மாள் அடிக்கவில்லை, ஏசவில்லை. வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்து, "இங்க ஓட்டம்னா எழவு சேதி பிள்ள. எங்க சின்னவன் கடலோட போன அன்னைக்கு மூணு பேரு ஓடியாந்தானுவ. தூரத்துல வரும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு. யாருன்னுதான் தெரியல" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்: உடைந்த வள்ளம் வரை நட, அதுக்கு அங்கிட்டு ஊர்க் கண்ணு எட்டாது, அங்கே நீ பறந்தாலும் கேக்க ஆளில்ல.

உடைந்த வள்ளம் வந்தது. அதன் விளிம்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜெசிந்தா ஓடினாள். முதல் கொஞ்ச தூரம் எப்போதும் பாடுதான், மூட்டு முனகும், அடிவயிறு தனியாகக் குலுங்கும், பிள்ளை பெற்ற உடம்பு எல்லா மூலையிலிருந்தும் ஒவ்வொரு புகாராகச் சொல்லும். சொல்லட்டும். ஆகஸ்டில் மாநிலப் போட்டி. ஐயாயிரம் மீட்டரில் ஒரு இடம் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போடலாம் என்று பயிற்சி கொடுக்கிற மேடம் சொல்லியிருக்கிறார், கோடையை விட்டுட்டா எல்லாம் போச்சு ஜெசிந்தா, ஒரு நாள் விட்டாலும் உன் உடம்புக்குத் தெரியும், ஒரு வாரம் விட்டால் எனக்குத் தெரியும். வேலை வந்தால் அமலன் கடலுக்குப் போக வேண்டாம். இதை மேடத்திடமும் சொன்னதில்லை, அமலனிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவன் சிரிப்பான், கடலுக்குப் போகாம உன் ஷூவுக்குக் கயிறு கட்டிவிடவா என்பான். ஈர மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது, போகும்போது ஒரு கால் பள்ளத்தில், வரும்போது மறு கால் பள்ளத்தில். கச்சான் காற்று நிலத்திலிருந்து பொடிமணலைக் கிளப்பிப் பக்கவாட்டில் அறைகிறது. ராத்திரியும் இப்படித்தான் அடித்தது, கூரைத் தகரம் படபடத்தது, பாப்பா தூக்கத்தில் சிணுங்கியது, அவள் மல்லாந்து கிடந்து தகரத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடும்போது காலடிக்கு ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும், அது அவளுக்குச் சின்ன வயசிலிருந்து உள்ள பழக்கம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒட்டும், சில நாள் செபமாலை ஒட்டும். இன்றைக்கு 'வந்திருப்பான்' ஒட்டியது. வந்-திருப்-பான், வந்-திருப்-பான். நன்றாகத்தான் இருந்தது, மூச்சுக்கும் சரியாக வந்தது. ஒரு இடத்தில் காலுக்குக் கீழே செத்த சொறி மீன் கூழாக வழுக்கி அடி தப்பியது, மறுபடி ஓட்டத்தைப் பிடித்தபோது சொல் மாறியிருந்தது. வர-லை-யே, வர-லை-யே. சீ. மாற்று. பாப்பாவின் பெயரைப் போடு. ஷெ-ரின், ஷெ-ரின். இரண்டு அடி ஓடும், மூன்றாவது அடியில் பழையது வந்து உட்காரும்.

கருவாடு காயப்போடுகிற களம் வந்தது. வெள்ளிக் காசை வாரி இறைத்தது போல வலை மேலே நெத்திலி. நாலைந்து பெண்கள் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள், பிரகாசிதான் முதலில் நிமிர்ந்தாள். எப்போதும் அவள்தான் நிமிர்வாள். தலையில் கட்டிய துண்டுக்குக் கீழே பல் மட்டும் தெரியும். "வந்துட்டாடி நம்ம ஒலிம்பிக்கு! ஏட்டி, ஒன்ன எந்த நாயி வெரட்டுது?" "நாயில்ல யக்கா, ஒம் மூஞ்சியப் பாத்துட்டுப் போவலாம்னு." "நின்னு பாக்க மாட்டியோ?" "நின்னா மேடம் கொன்னுரும். நாளையிலேருந்து ரெண்டு சுத்து ஓடச் சொல்லியிருக்கு." "ரெண்டு சுத்தா! நீயா!" பிரகாசி கையிலிருந்த நெத்திலியை வீசிவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "நீ மட்டும் ரெண்டு சுத்து ஓடிட்டேன்னா, அடுத்தாப்புல எங்க வீட்டு மனுசன் புடிக்கிற நண்டு அம்புட்டும் ஒனக்கு. கொழம்பும் நானே வச்சித் தாரேன்." "யக்கா, எல்லாரும் கேட்டுக்குங்க!" என்று கத்திக்கொண்டே தாண்டிப்போனாள். பின்னால் பிரகாசியின் சத்தம் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது: "வள்ளம் வந்துட்டாடி?" கேட்காதது போல ஓடினாள். ஏன் கேட்காதது போல? வரலை என்று சொல்ல வேண்டியதுதானே, ரெண்டு பேர் புருசனும் ஒரே வள்ளத்தில்தானே இருக்கிறார்கள், சொன்னால் அவளும் 'மீன் பட்டிருக்கும்' என்பாள், அதோடு முடிந்தது. ஆனால் சொல்வதற்கு நின்றிருக்க வேண்டும், நின்றால் அது சேதியாகிவிடும்.

ஒரே வள்ளத்தில் இருக்கிறார்கள் என்பதும் இவளால் வந்ததுதான். பிரகாசி புருசன் சவேரியான் விசைப்படகில் வேலை பார்க்கிறவன். கோடையில் விசைப்படகுக்குத் தடைக்காலம், கடலுக்குப் போகக் கூடாது, வீட்டில் சும்மா கிடந்தான். "சும்மா கிடக்கிற ஆம்பளைய வச்சிக்கிட்டு நான் என்னத்தப் பண்ண, ஒம் புருசங்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்" என்று பிரகாசி இந்தக் களத்தில்தான் கேட்டாள். இவளும் அன்றைக்கே அமலனுக்கு மீனில் முள் எடுத்துக்கொடுத்தபடி சொன்னாள். அமலன் யோசித்தான். "அவன் பெரிய படகுல நிண்ணு பழகுனவன் ஜெசி. பைபர் வள்ளத்துல கால ஊணி நிக்கிறது வேற." "பழகிக்குவாரு" என்றாள். பழகிக்குவாரு. அந்தச் சொல் இப்போது காலில் ஒட்டிக்கொண்டது. பழ-கிக்கு-வாரு. முன்னால் தூரத்தில் அலை தொட்டுத் தொட்டு விடுகிற இடத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தது. நீளமாக. அலை வந்தால் ஒரு ஓரம் தூக்கிக் காட்டியது, கை மாதிரி. ஜெசிந்தாவின் கால் வேகம் கூடியதா குறைந்ததா அவளுக்கே தெரியவில்லை, வாய்க்குள் உப்பு, காதுக்குள் தகரம் படபடத்தது. அமலனுக்கு நேற்றுச் சாயங்காலம் என்ன சட்டை? சாம்பல் கலர். கறுப்பு இல்லை. நனைந்தால் சாம்பல் கறுப்பாகத்தானே தெரியும். மாதாவே, அவன் போகும்போது நான் என்ன சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டியான்னு கேட்டேன், கடைசியாகக் கேட்டது டார்ச்சா. நெருங்கினாள். ஆமை. வயிறு ஊதிச் செத்த கடலாமை, துடுப்பு ஒன்று அலையில் ஆடியது. ஜெசிந்தாவுக்கு ஓடிக்கொண்டே சிரிப்பு வந்தது, ஆமைக்குப் போய்ப் புருசன் சட்டையைப் போட்டுப் பார்த்தாயே என்று. சிரித்து முடிக்கும்போது துண்டு முழுக்கப் பால் நனைந்திருந்தது. பாப்பா பசியில் அழுகிறதோ. இல்லை, பயந்தாலும் சுரக்குமோ என்னவோ, யாரிடம் கேட்பது.

லைட் ஹவுஸ் மதிலைத் தொட்டுத் திரும்பினாள். திரும்பும்போது கடலைப் பார்க்காமல் மணலையே பார்த்து ஓடினாள், தான் வந்த தடத்தின் மேலேயே, அலை பாதியை அழித்திருந்தது. திரும்புகிற வழியில் உடம்பு இளகிவிடும், இதற்குத்தான் இத்தனை பாடும், மூட்டும் முனகாது, வயிறும் தன் இடத்தில் ஒடுங்கிவிடும், தான் யாருக்கும் மனைவியோ அம்மாவோ மருமகளோ இல்லாமல் வெறும் மூச்சாக மட்டும் போகிற ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரம் இன்றைக்கும் வந்தது. அதில் அவள் அமலனை மறந்துபோனாள். மெய்யாகவே மறந்துபோனாள். களத்தில் பிரகாசி இப்போது ஈயச் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டடித்தாள், மற்றவர்கள் கொக்கரித்தார்கள், "நண்டுக்காரி போறா, வழி விடுங்க!" ஜெசிந்தா இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனாள். உடைந்த வள்ளத்தைத் தட்டினாள், நடையாக்கினாள், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள், தலை நிமிர்ந்தாள். ஊர்க் கரையில் கூட்டம்.

ஏலக் கூட்டமாக இருக்கும். மீன் நிறையப் பட்டிருந்தால் கூட்டம் சேராதா. ஆனால் ஏலம் என்றால் சத்தம் இருக்கும், கூவுகிறவன் குரல் இங்கே வரைக்கும் வரும், காக்காயும் நாயும் சுற்றும். இந்தக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது, அதனால் சத்தம் வரவில்லை. இந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது, கூட்டத்தின் சத்தத்தை அது என்ன செய்யும். கால் ஓடப் பார்த்தது. ஓடக் கூடாது. இவ்வளவு நாளும் ஊருக்காக நடந்தாள், இப்போது தனக்காக நடந்தாள்: நடக்கிற வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஓடினால் அது ஆகிவிடும். ஒவ்வொரு அடியாக வைத்தாள். அமலன் வள்ளம் கரையில் நின்றது, நாய் எழுந்து போயிருந்தது. வள்ளம் வந்துவிட்டது. வள்ளம் வந்தால் ஆள் வந்தான். வள்ளம் மட்டும் வருவதும் உண்டே. மூணு வள்ளங்கள் கடலுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன, இந்நேரத்தில் யார் போவார்கள், காலை மீனுக்கு இது நேரமில்லையே. கூட்டத்திலிருந்து ஒரு ஆள் பிரிந்து அவளை நோக்கி வந்தது. மிக்கேலம்மாள். இடுப்பில் பாப்பா. நடந்துதான் வருகிறாள். ஓடவில்லை, நடக்கிறாள், அப்படியென்றால் இல்லை. அவள் ஓடமாட்டாளே, மகன் செத்தாலும் ஓடமாட்டாளே, அவளுக்கு ஓட்டம் என்றாலே ஆகாதே. மாமியார் முகம் நெருங்க நெருங்க ஜெசிந்தா அதில் ஏதாவது ஒரு கோடு தெரிகிறதா என்று தேடினாள், ஒன்றும் தெரியவில்லை, பாப்பா மட்டும் அம்மாவைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டியது.

"ஒம் புருசன் வந்துட்டான்" என்றாள் மிக்கேலம்மாள் முதலில். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள். ஜெசிந்தா மணலில் உட்கார்ந்துவிட்டாள், ஆண்டவரே, ஆண்டவரே, உள்ளுக்குள் ஒரு மத்தாப்பு, நெஞ்சு கொள்ளாத சந்தோசம், பாப்பாவை வாங்கி முகமெல்லாம் முத்தமிட்டாள். மத்தாப்பு அணைவதற்கு முன்னாலேயே தெரிந்தது, ஒரே வள்ளம், ரெண்டு ஆள். "சவேரியான்?" மாமியார் கடலைப் பார்த்தாள். இப்போது பார்த்தாள். "வெடியுமுன்ன வல இழுக்கும்போது குறுக்க ஒரு அல அடிச்சிருக்கு. கால்ல கயிறு. வலையோட போயிட்டான். இவனும் பின்னாடியே குதிச்சித் தேடியிருக்கான், இருட்டு. தேடிப் போயிருக்காவ மூணு வள்ளம்." அமலன் தன் வள்ளத்தின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கூட்டம் அவனைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நின்றது. சாம்பல் சட்டை. கையில் கயிறு அறுத்த காயம். அவன் அவளைப் பார்க்கவில்லை, அவள் ஷூவைப் பார்த்தான். "நான் சொன்னேன்ல ஜெசி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எதைச் சொன்னான்? பெரிய படகுல நிண்ணு பழகுனவன். பழகிக்குவாரு. விடியுமுன்ன என்றால், அப்போது அவள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பிரகாசி இடுப்பில் கை வைத்து நண்டு பந்தயம் கட்டினாள். சட்டியைக் கவிழ்த்துக் கொட்டடித்தாள். அத்தனைக்கும் சவேரியான் ஏற்கெனவே இல்லை. நானும் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேனே.

"பிரகாசிக்கு ஆரு சொல்றது?" என்று யாரோ கேட்டார்கள். ஒருவன் போனை எடுத்தான். "கீழ வையி. போன்ல சொல்ற சேதியாலே இது?" என்று ஒரு கிழவர் அதட்டினார். ரோட்டு வழி உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போகும், மணல் வழிதான் கிட்டம். எல்லாருடைய கண்ணும் ஒவ்வொன்றாக வந்து பச்சை ஷூவில் நின்றது. "நீதான் ஓடுவியே பிள்ள" என்றார் கிழவர், குத்தலில்லாமல், அசதியாக. "ஓடிப்போயிக் கூட்டியா." மிக்கேலம்மாள் பாப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பசியாற்றாத குழந்தை வீறிட்டது. ஜெசிந்தா திரும்பினாள், நடந்தாள். இது நடக்க வேண்டிய தூரம். உடைந்த வள்ளம் வந்தது, தட்டவில்லை, அதற்கு அப்பாலும் நடந்தாள். ஓடினால் சீக்கிரம் போய்விடும். சீக்கிரம் போய் என்ன செய்ய, அங்கே ஒருத்திக்கு இன்னும் புருசன் இருக்கிறான், இவள் வைக்கிற ஒவ்வொரு அடியும் அதில் கொஞ்சத்தைத் தின்றுகொண்டு போகிறது. மெள்ளப் போனால் கொஞ்சம் மிச்சம். மேடம் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் குறைக்கச் சொன்ன நேரத்தை இப்போது இழுத்து இழுத்து நீட்டினாள். எப்படிச் சொல்வது? யக்கா, வா. யக்கா, உட்காரு. யக்கா, நான்தான் அன்னைக்கு அமலங்கிட்ட. அதைச் சொல்ல வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், என்றைக்காவது அவளே சொல்வாள், அப்போது கேட்டுக்கொள்ளலாம். தூரத்தில் நெத்திலி பளபளத்தது, குனிந்த முதுகுகள் தெரிந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் களத்துப் பக்கம் தான் ஒரு நாளும் நடந்து வந்ததில்லை. இத்தனை கோடையில் ஒரு நாளும் இல்லை. அங்கே ஊரில் ஓடினால் எழவு. இங்கே, இந்த மணலில், ஜெசிந்தா நடந்து வந்தால்தான் எழவு. பிரகாசி நிமிர்ந்து, துண்டுக்குக் கீழே கண்ணை இடுக்கி, ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், அத்தனை தூரத்திலிருந்தே, தனியாக நின்றுகொண்டு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே. வருகிறவள் ஒவ்வொரு அடியாக வந்து சேருகிற வரைக்கும் அவள் அப்படியே நிற்க வேண்டியிருக்கும். மிக்கேலம்மாள் அப்படித்தான் நின்றாள். யாருன்னுதான் தெரியல. ஜெசிந்தா முகத்தைப் பனியனில் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். தோளைத் தளர்த்தி, மேடம் சொல்லிக்கொடுத்தபடி முட்டியைத் தூக்கி, ஓடத் தொடங்கினாள். தினமும் ஓடுகிற அதே வேகம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கால் தடுக்கியது, பிடித்துக்கொண்டாள். வாயை இழுத்துச் சிரிப்பை மாட்டினாள், அது நிற்கவில்லை, மறுபடி மாட்டினாள். காலில் ஒரு சொல்லும் ஒட்டவில்லை. பிரகாசி நிமிர்ந்தாள். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். "அடிப் பாவி! ரெண்டாவது சுத்து! ஏ, பாருங்கடி, மெய்யாலுமே ஓடிட்டா! நண்டு ஒனக்குத்தான் பிள்ள, அந்த மனுசன் வரட்டும், முழுசையும் வாங்கித் தாரேன்!" மற்றவர்களும் நிமிர்ந்து தட்டினார்கள். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே ஓடினாள். இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அந்தத் தூரம் முழுக்கச் சவேரியானுக்கு ஒன்றும் ஆகவில்லை.